தம்புரா எங்கே போச்சு? வீடியோ காலில் சத்தமும் படமும் தொலையும் இடங்கள்

"கேக்குதா? நான் பேசறது கேக்குதா?"

2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவிப்பு வந்த பிறகு நம் வீடுகளில் அதிகமாகக் கேட்ட வாக்கியம் எது என்று யாராவது கணக்கெடுத்திருந்தால், இதுதான் முதலிடத்தில் வந்திருக்கும் என்பது என் ஊகம். ஊரடங்கு போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த வாக்கியம் மட்டும் போகவில்லை. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எனக்குத் தெரிந்தவர்கள் வீட்டில் கம்ப்யூட்டர் சம்பந்தமாக என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பகுதி இதுதான்: "தம்பி, சத்தம் போகல", "அண்ணாச்சி, என் மூஞ்சி தெரியல".

இதற்கு இணையத்தில் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் பட்டியல்கள். 'ரீஸ்டார்ட் பண்ணுங்க, டிரைவர் அப்டேட் பண்ணுங்க, ஆப்பை நீக்கிட்டு மறுபடி போடுங்க.' சில சமயம் சரியாகும், பல சமயம் ஆகாது. சரியானாலும் ஏன் சரியாச்சு என்று தெரியாது, அதனால் அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து. இந்தக் கட்டுரையில் பட்டியல் போடப் போவதில்லை. சத்தமும் படமும் எந்த வழியாகப் போகின்றன, எந்த இடத்தில் எப்படித் தொலைகின்றன என்று பார்ப்போம். வழி தெரிந்துவிட்டால், தொலைந்த இடத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

இது ஏன் முக்கியம்?

அரட்டைக்கு மட்டும் வீடியோ கால் என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. வீடியோ வழியாகச் சாட்சியம் பதிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே பிரஃபுல் தேசாய் வழக்கில் சொல்லிவிட்டது. 2020 ஏப்ரல் 6-ல் நீதிமன்றங்கள் வீடியோ வழியாக இயங்குவதற்கான உத்தரவையும் அதுவே பிறப்பித்தது. வங்கிகள் வீடியோ வழியாக வாடிக்கையாளரை அடையாளம் காண ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் அனுமதி கொடுத்தது. வேலைக்கான நேர்காணல், டாக்டர் ஆலோசனை, வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளையின் முகம் என்று எல்லாம் இந்த ஒரு சின்ன ஜன்னல் வழியாகத்தான். அந்த ஜன்னல் திறக்காவிட்டால் போவது ஒரு வேலையாக இருக்கலாம், ஒரு மாதச் சம்பாத்தியமாக இருக்கலாம்.

ஒரு குட்டி வரலாறு

1991-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டர் ஆய்வகத்தில், காபி பாத்திரத்தில் காபி இருக்கிறதா என்று எழுந்து போகாமலே பார்க்க ஒரு கேமராவை வைத்தார்கள். 128-க்கு 128 புள்ளிகள், கறுப்பு வெள்ளைப் படம். 1993-ல் அது இணையத்துக்கு வந்தது, 2001-ல் அணைக்கப்பட்டது. வெப்கேமின் பாட்டன் இதுதான். 1994-ல் கனெக்டிக்ஸ் என்ற கம்பெனி 'குவிக்கேம்' என்ற பெயரில் கடையில் வாங்கக்கூடிய வெப்கேமைக் கொண்டுவந்தது. 2003-ல் ஸ்கைப் வந்தது; 2025 மே மாதம் மூடப்பட்டது.

நடுவில் இரண்டு முக்கியமான விஷயங்கள் நடந்தன. 2011-ல் கூகுள் 'வெப் ஆர்டிசி' என்ற தொழில்நுட்பத்தைத் திறந்த மூலமாக வெளியிட்டது. தனியாக எதையும் நிறுவாமல் பிரவுசரிலேயே வீடியோ கால் பேச முடிவது இதனால்தான். 2012-ல் 'ஓபஸ்' என்ற ஒலிச் சுருக்க முறை தரநிலையாக வந்தது. இன்று நாம் பேசும் இணைய அழைப்புகளில் பெரும்பகுதி குரலைச் சுமப்பது இதுதான்.

பிறகு ஊரடங்கு. ஜூம் 2019 டிசம்பரில் ஒரு நாளைக்கு 1 கோடி என்று சொன்ன எண்ணிக்கை, 2020 ஏப்ரலில் 30 கோடி ஆனது. இது 30 கோடி ஆட்கள் இல்லை, 30 கோடி 'பங்கேற்புகள்'. ஒரே ஆள் ஒரே நாளில் ஐந்து மீட்டிங்கில் உட்கார்ந்தால் ஐந்து. கம்பெனியே பிறகு இந்தத் திருத்தத்தைச் சொன்னது. எப்படி இருந்தாலும், மைக்கையே பார்க்காத கோடிக்கணக்கான பேர் ஒரே மாதத்தில் மைக் முன்னால் உட்கார்ந்தார்கள் என்பது உண்மை.

ஏழு நிறுத்தங்கள்

உங்கள் குரல் போகும் வழியை ஒரு பஸ் ரூட் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

1. மைக். காற்றின் அதிர்வு மின்சாரமாக மாறும் இடம்.
2. இயங்குதளம். விண்டோஸ், ஆண்ட்ராய்டு மாதிரி. எந்த மைக், யாருக்கு அனுமதி என்று முடிவு பண்ணும் இடம்.
3. ஆப் அல்லது பிரவுசர்.
4. சுத்தம் பண்ணும் பகுதி. இரைச்சல், எதிரொலியை நீக்கும் இடம்.
5. சுருக்கும் பகுதி. ஓபஸ் வேலை செய்யும் இடம்.
6. நெட்வொர்க்.
7. எதிர்ப்பக்கத்து ஸ்பீக்கர்.

பஸ் வரவில்லை என்றால் எல்லா நிறுத்தத்துக்கும் போய் விசாரிக்க வேண்டாம், நடு நிறுத்தத்தில் விசாரித்தால் போதும். அங்கே வந்துவிட்டது என்றால் கோளாறு அதற்குப் பிறகு, வரவில்லை என்றால் அதற்கு முன்னால். ஒவ்வொரு கேள்விக்கும் பாதி ரூட் கழிந்துவிடும். ஏழு நிறுத்தத்துக்கு மூன்று கேள்வி போதும். மில் மெக்கானிக்கிலிருந்து மென்பொருள் ஆள் வரை எல்லாரும் கோளாறு தேடுவது இப்படித்தான்.

நடு நிறுத்தம் எது? போனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும் சாதாரண வாய்ஸ் ரெக்கார்டர். கால் எதுவும் போடாமல் அதில் பத்து விநாடி பேசிப் பதிந்து கேளுங்கள். குரல் தெளிவாக இருந்தால் மைக் நல்லா இருக்கிறது, இயங்குதளத்துக்கும் குரல் வந்து சேர்கிறது. புது மைக் வாங்க வேண்டியதில்லை! படத்துக்கு இதே சோதனை கேமரா ஆப். அதில் முகம் தெரிந்தால் கேமராவில் பழுதில்லை.

இந்த ஒரே ஒரு சோதனை பல பேருடைய காசை மிச்சம் பிடிக்கும்.

ரெக்கார்டரிலேயே குரல் இல்லை என்றால்

முதலில் கண்ணுக்குத் தெரிவதைப் பாருங்கள். ஹெட்செட் வயரில் ஒரு குட்டி மியூட் பட்டன் இருக்கும். லேப்டாப் கீபோர்டில் மைக் படம் போட்ட பட்டன் இருக்கும், அதில் சின்ன விளக்கு எரிந்தால் மைக் அணைந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது பின். போனோடு வரும் ஹெட்செட் பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். இடது காது, வலது காது, எர்த், மைக் நாலும் ஒரே பின்னில். பழைய டெஸ்க்டாப்பில் பச்சை ஓட்டை ஸ்பீக்கருக்கு, பிங்க் ஓட்டை மைக்குக்கு என்று தனித்தனியாக இருக்கும். இந்தப் பின்னை பிங்க்கில் செருகினாலும் வேலை செய்யாது, பச்சையில் செருகினால் கேட்கும், பேச முடியாது. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் சின்ன வயர் ஒன்று மொபைல் கடைகளில் கிடைக்கும். அதுதான் தீர்வு.

மூன்றாவது அனுமதி. விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் மைக்ரோபோன், கேமரா இரண்டுக்கும் தனித்தனி சுவிட்சுகள் உண்டு. டெஸ்க்டாப் ஆப்களுக்கான சுவிட்ச் அதே பக்கத்தில் கீழே தனியாக இருக்கும், அதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஆண்ட்ராய்டு 12 முதல், மேலிருந்து இழுக்கும் பேனலில் மைக்கையும் கேமராவையும் மொத்தமாக அணைக்கும் பட்டன்கள் வந்துவிட்டன. குழந்தை கை பட்டு அது அணைந்துவிட்டால் எல்லா ஆப்பிலும் ஒரே அமைதி.

பிரவுசரில் என்றால் முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் குறியைத் தட்டிப் பாருங்கள். ஒரு முறை 'வேண்டாம்' என்று அழுத்திவிட்டால், அந்தத் தளம் மறுபடி கேட்கவே கேட்காது. நீங்களாகப் போய்த்தான் மாற்ற வேண்டும்.

ரெக்கார்டரில் குரல் இருக்கு, காலில் இல்லை

இப்போது சந்தேகம் மூன்றாவது நிறுத்தத்துக்கு நகர்கிறது. இங்கே முக்கால்வாசிக் காரணம், ஆப் வேறொரு மைக்கைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான். ஒரு லேப்டாப்பில் உள்ளே ஒரு மைக், வெப்கேமில் ஒரு மைக், ப்ளூடூத் ஹெட்செட்டில் ஒரு மைக். ஆப் இதில் ஏதோ ஒன்றைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். சில சமயம் அது பக்கத்து அறையில் மேஜை மேல் கிடக்கும் இயர்பட்ஸாக இருக்கும்! ஆப்புக்குள் ஆடியோ செட்டிங்ஸ் போய் மைக்கின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பேசும்போது அங்கே பச்சைக் கோடு ஆடினால் சரி.

ப்ளூடூத் பற்றி இன்னொன்று. "பாட்டு கேக்கும்போது நல்லாருக்கு, கால் வந்தா கெணத்துக்குள்ளருந்து பேசற மாதிரி இருக்கு" என்று பலர் சொல்வார்கள். ஹெட்செட் பழுதில்லை. பாட்டுக்கு ஒரு முறை, பேச்சுக்கு ஒரு முறை என்று ப்ளூடூத்தில் இரண்டு உண்டு. பாட்டு ஒரு வழிப் பாதை, தரம் அதிகம். மைக்கைத் திறந்த உடனே இருவழிப் பாதைக்கு மாறும். அதில் ஒலி விநாடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாகக் குறைந்துவிடும். 8,000 என்றால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவுமே போகாது. 'ஸ', 'ஷ' மாதிரி எழுத்துகளின் கூர்மை அதற்கு மேலேதான் இருக்கிறது. அதனால்தான் கிணற்றுக் குரல். தீர்வு எளிது: ப்ளூடூத்தில் கேளுங்கள், மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் நம்ம பழைய வயர் ஹெட்செட்.

லேப்டாப் சார்ஜ் ஆகும்போது மட்டும் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல் வருகிறதா? சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது 50 ஹெர்ட்ஸ் கரண்டின் உறுமல், பெரும்பாலும் எர்த் சரியில்லாத வீடு. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகுவதும் இதற்கு ஒரு காரணம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்வது குரலுக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

எதிரொலி: தப்பு யார் பக்கம்?

இது பலருக்கும் தலைகீழாகப் புரிந்திருக்கும் விஷயம். நீங்கள் பேசியது உங்களுக்கே திரும்பக் கேட்கிறதா? கோளாறு உங்கள் பக்கத்தில் இல்லை, எதிர்ப்பக்கத்தில். உங்கள் குரல் அங்கே ஸ்பீக்கரில் வெளியே வந்து, அங்கே உள்ள மைக்கில் நுழைந்து திரும்பி வருகிறது. நீங்கள் இங்கே எத்தனை செட்டிங்ஸ் மாற்றினாலும் போகாது. எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் சத்தத்தைக் குறைக்கணும், அல்லது ஹெட்போன் மாட்டணும்.

பத்துப் பேர் இருக்கும் கூட்டத்தில் யாருக்கு எதிரொலி கேட்கவில்லையோ அவர்தான் பெரும்பாலும் காரணம்! ஒவ்வொருவராக மியூட் பண்ணிப் பார்த்தால் ஆள் அகப்படுவார்.

ஆப்புகளுக்குள் எதிரொலியை நீக்கும் பகுதி ஒன்று உண்டு. ஸ்பீக்கருக்கு என்ன அனுப்பினோம் என்று அதற்குத் தெரியும். மைக்கில் வருவதிலிருந்து அதைக் கழித்துவிடும். ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் எது எதிரொலி, எது நிஜக் குரல் என்று குழம்பி இரண்டையும் சேர்த்து வெட்டும். நம் வீடுகளில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவது சகஜம், பாவம் அது என்ன பண்ணும்.

ஒரே அறையில் இரண்டு போன் ஒரே மீட்டிங்கில் இருந்தால் 'கீஈஈ' என்று ஊளை வரும். ஒன்றில் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைக்க வேண்டியதுதான்.

தம்புரா எங்கே போச்சு?

ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு பாட்டு டீச்சர். ஆண்டாள் பிறந்த ஊர் என்பதால், திருப்பாவை முப்பதும் சொல்லிக்கொடுங்கள் என்று மார்கழிக்கு முன்னாலிருந்தே வெளிநாட்டுக் குடும்பங்கள் கேட்கும். நம்ம ஊரில் விடியற்காலை, அமெரிக்காவில் முந்தின நாள் சாயங்காலம். அந்த வகுப்புகள் அவருக்கு முக்கியமான வருமானம்.

பிரச்சினை என்னவென்றால், பிள்ளைகளுக்கு எலக்ட்ரானிக் தம்புரா கேட்பதே இல்லை. வகுப்பு தொடங்கி ஓரிரு விநாடி 'சா பா சா' என்று கேட்கும், அப்புறம் கரைந்துவிடும். டீச்சர் நீளமாக ஒரு கார்வை பிடித்தாலும் நடுவில் குரல் தேய்ந்து போகும். பிள்ளைகள் சுருதி விலகிப் பாடினார்கள். ஒரு பெற்றோர், "டீச்சர், உங்க செட்டப் சரியில்ல" என்று வகுப்பை நிறுத்திவிட்டார். டீச்சர் கடையில் கேட்டு ஒரு புது மைக் வாங்கினார். மாற்றம் இல்லை. இன்னும் விலை கூடின மைக் வாங்கணுமோ என்ற யோசனையில் இருந்தபோதுதான் என்னிடம் கேட்டார்.

மேலே சொன்ன அதே முறைதான். முதலில் வாய்ஸ் ரெக்கார்டர்: தம்புரா கணீரென்று இருந்தது, பழைய மைக்கிலும் கூட. அதாவது மைக்கும் இயங்குதளமும் சரி. இரண்டாவதாக, ஒரே வீட்டில் இரண்டு அறையில், ஒரே வைஃபையில் கால் போட்டோம்: தம்புரா காணோம், ஆனால் பேச்சு துல்லியம். நெட் மோசமென்றால் பேச்சும் உடைந்திருக்கும். மிஞ்சியது ஒரே ஒரு சந்தேகம், நாலாவது நிறுத்தம். சுத்தம் பண்ணும் பகுதி.

அது வேலை செய்யும் விதம் இப்படி. ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக, ஒவ்வொன்றும் சில மில்லி விநாடிகள் மட்டுமே இருக்கும்படி, வெட்டும். ஒவ்வொரு துண்டையும் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை பட்டைகளாகப் பிரிக்கும். எந்தப் பட்டையில் சத்தம் மாறாமல் ஒரே அளவில் இருக்கிறது என்று பார்க்கும். மனிதப் பேச்சு மாறிக்கொண்டே இருக்கும், விநாடிக்கு நாலைந்து அசைகள் ஏறி இறங்கும். ஃபேன், ஏசி சத்தம் மாறாது. ஆக, மாறாதது எல்லாம் இரைச்சல், கழித்துவிடு! 1979-ல் ஸ்டீவன் போல் என்ற ஆய்வாளர் எழுதிய கட்டுரையிலிருந்து வரும் யோசனை இது.

இப்போது தம்புராவை நினைத்துப் பாருங்கள். அதன் பெருமையே மாறாமல் இருப்பதுதான். மென்பொருளின் காதுக்கு அது ஒரு நல்ல ஃபேன். நீளமான கார்வையும் அப்படியே. பின்னால் வந்த புது முறைகள் நரம்பியல் வலையைப் பயன்படுத்துகின்றன. ஜான் மார்க் வாலின் 2017-ல் வெளியிட்ட 'ஆர்என்நாய்ஸ்' இதற்குத் தெரிந்த உதாரணம். இந்த வகைகளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை பேச்சைக் காப்பாற்றி மீதியைக் குறைப்பது. சங்கீதம் பெரும்பாலும் அந்த மீதியில் சேர்ந்துவிடுகிறது.

யாரும் தப்பு செய்யவில்லை. அலுவலகக் கூட்டத்துக்காகச் செய்த வடிகட்டியைப் பாட்டு வகுப்பில் மாட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். அது காபித்தூளை விட்டுவிட்டு டிகாக்‌ஷனைப் பிடித்துக்கொண்டது.

தீர்வும் மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. ஜூம் ஆடியோ செட்டிங்ஸில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்று ஒன்று உண்டு. அதை இயக்கி, மீட்டிங்குக்குள்ளும் அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூகுள் மீட்டில் இரைச்சல் நீக்கும் சுவிட்சை அணைக்கலாம். ஐபோனில் ஐஓஎஸ் 15 முதல், கால் நடக்கும்போது மைக் மோடில் 'வைட் ஸ்பெக்ட்ரம்' என்று தேர்ந்தெடுக்கலாம். இதில் ஒரு விலை உண்டு: வடிகட்டி போனால் ஃபேன் சத்தமும் போகும், எதிரொலி நீக்கம் குறையலாம். அதனால் ஹெட்போன் கட்டாயம், ஃபேனை நிறுத்த வேண்டும்.

இன்னொரு வேலையும் செய்தோம். ஒவ்வொரு பிள்ளையும் அவரவர் வீட்டிலேயே போனில் ஒரு தம்புரா ஆப்பை அதே கட்டையில் வைத்துக்கொள்ளச் சொன்னார் டீச்சர். சுருதி கடல் கடந்து போக வேண்டிய அவசியமே இல்லையே! புது மைக்குக்குப் போன காசு போனதுதான். வகுப்புகள் நிற்கவில்லை.

சேர்ந்து பாட முடியாது, ஏன்?

டீச்சரின் அடுத்த கேள்வி: "நான் தாளம் போட, பிள்ளைங்க சேர்ந்து பாட முடியுமா?" முடியாது. இது எந்த ஆப்பாலும் தீராது.

கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து நியூயார்க் நேர்கோட்டில் ஏறக்குறைய 13,500 கிலோமீட்டர். வகுத்தால் 67 மில்லி விநாடி. இது போவதற்கு மட்டும், கேபிள் நேராகப் போனால். உண்மையில் கேபிள் சுற்றித்தான் போகும், இரண்டு பக்கமும் ஒலியைத் துண்டு போட்டு, சுருக்கி, விரிக்கும் நேரம் வேறு. ஒரு வழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டுதல். பேச்சுக்கு அது போதும். தாளத்துக்குப் போதாது. நீங்கள் தட்டியது அங்கே போய், அவர்கள் பாடியது திரும்பி வருவதற்குள் அடுத்த தட்டு வந்துவிடும். டீச்சர் பாட, பிள்ளை திருப்பிப் பாடும் பழைய பாடாந்தர முறை இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

தறிச் சத்தம் மட்டும் ஏன் போகல?

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணிக்குப் பேர் போன ஊர். விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. அங்கிருந்து வேலைக்கான நேர்காணலில் பேசுகிற பிள்ளைகளுக்கு வரும் கேள்வி: "என்ன சத்தம் அது?"

தம்புராவைக் கரைத்த அதே வடிகட்டி தறியை ஏன் விட்டுவைக்கிறது? தறி தொடர்ந்து ஓடினாலும் அதன் சத்தம் 'தடக், தடக்' என்று வெட்டி வெட்டி வருவது. மாறாத சத்தத்தைத் தேடும் பழைய முறைக்கு அது பிடிபடாது. புது முறைகள் ஓரளவு குறைக்கும், ஆனால் குரலையும் கொஞ்சம் கடிக்கும்.

இங்கே மென்பொருளை விட இயற்பியல் உதவும். வாயிலிருந்து மைக் 60 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதை 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால், உங்கள் குரல் சுமார் 12 டெசிபல் கூடும். தறி எப்படியும் தெருவுக்கு அந்தப் பக்கம், அதன் அளவு மாறாது. சட்டையில் குத்தும் சாதாரண காலர் மைக், அல்லது வாய்க்குப் பக்கத்தில் வரும் வயர் ஹெட்செட். தூரத்தில் வைத்த விலை உயர்ந்த மைக்கை விட இது மேல்.

இப்போது படம்

*கறுப்புத் திரை.* முதலில் கேமரா மேல் இழுத்து மூடும் மூடி இருக்கிறதா பாருங்கள். பல லேப்டாப்களில் அது ஒரு மில்லிமீட்டர் அளவுக் குட்டி நகர்த்தி. அடுத்து, வேறொரு ஆப் கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறதா? விண்டோஸில் வழக்கமாக ஒரு நேரத்தில் ஒரு ஆப்தான் கேமராவைப் பயன்படுத்தும். முந்தைய மீட்டிங்கின் பிரவுசர் பக்கம் மூடாமல் கிடக்கும். அதை மூடினால் சரியாகிவிடும்.

*படத்தில் ஓடும் பட்டைகள்.* டியூப் லைட் வெளிச்சத்தில் கறுப்புக் கோடுகள் மேலும் கீழும் ஓடுகிறதா? நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும், மலிவான எல்இடியும் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அமெரிக்காவில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ், பல வெப்கேம்கள் அந்தக் கணக்கில் அமைந்து வருகின்றன. கேமரா ஒவ்வொரு வரியையும் 1/60 விநாடி பார்த்தால், அதற்குள் ஒன்றரைக்குச் சற்று மேல் துடிப்பு வரும். ஒரு வரிக்கு வெளிச்சம் கூடுதல், அடுத்ததற்குக் குறைவு. அதுவே பட்டை. 1/50 விநாடி பார்த்தால் சரியாக இரண்டு துடிப்பு, எல்லா வரிக்கும் சமம். கேமராவின் செட்டிங்ஸில் 'பவர் லைன் ஃப்ரீக்வென்சி' அல்லது 'ஆன்டி ஃப்ளிக்கர்' என்று இருக்கும். 50 என்று மாற்றுங்கள். கேமராவை மாற்ற வேண்டாம்.

*முகம் இருட்டு.* ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் கேமரா ஜன்னல் வெளிச்சத்துக்கு ஏற்றபடி தன்னைக் குறைத்துக்கொள்ளும், முகம் கரியாகிவிடும். திரும்பி ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள்.

*யூஎஸ்பி கேமரா வந்து வந்து போகிறது.* 1280-க்கு 720 புள்ளிப் படத்தைச் சுருக்காமல் விநாடிக்கு 30 முறை அனுப்பினால், புள்ளிக்கு 2 பைட் வைத்து, விநாடிக்கு 55 மெகாபைட் ஆகும். யூஎஸ்பி 2.0-வில் ஒரு கேமரா தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளக்கூடியது சுமார் 24 மெகாபைட்தான். அதனால் கேமராவே சுருக்கி அனுப்புகிறது. ஒரே ஹப்பில் கேமரா, ஹார்ட் டிஸ்க், மைக் எல்லாம் தொங்கினால் இடம் போதாது. கேமராவை லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள்.

நெட்டா, வேறயா?

குரல் ரோபோ மாதிரி உடைந்தால் ஆறாவது நிறுத்தம். ஓபஸ் வழக்கமாக 20 மில்லி விநாடிக்கு ஒரு பொட்டலம், அதாவது விநாடிக்கு 50 பொட்டலம் அனுப்பும். சில தொலைந்தால் ஊகித்து நிரப்பும். நிறையத் தொலைந்தால் ரோபோ.

"100 எம்பி பிளான் போட்டிருக்கேன், ஏன் உடையுது?" காலுக்கு வேகம் அதிகம் தேவையில்லை. ஜூம் கணக்குப்படி குரலுக்கு மட்டும் 60 முதல் 80 கிலோபிட், நல்ல தரப் படத்துக்கு 600 கிலோபிட். வேண்டியது ஒழுங்கு. பொட்டலங்கள் சீராக வரணும். பழைய வீட்டுத் தடிச்சுவர் இரண்டைத் தாண்டி வரும் வைஃபையில் அந்த ஒழுங்கு கெடும். ரவுட்டர் பக்கத்தில் போய்ப் பேசிப் பாருங்கள், அல்லது போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டுப் பாருங்கள். சரியானால் வைஃபைதான் காரணம்.

முக்கியமான இடத்தில் நெட் திணறினால், தயங்காமல் படத்தை அணையுங்கள். தேவை கிட்டத்தட்ட பத்தில் ஒன்றாகும், குரல் பிழைக்கும்.

உதவி கேட்கும்போது கவனம்

இணையத்தில் 'கஸ்டமர் கேர் நம்பர்' தேடி அழைத்து, அவர்கள் சொல்லும் ரிமோட் ஆப்பை நிறுவிப் பணத்தை இழந்தவர்கள் உண்டு. மைக்கைச் சரிபண்ண யாருக்கும் உங்கள் ஓடிபி தேவையில்லை. அதே மாதிரி, வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு வந்து "உங்களைக் கைது செய்திருக்கோம், கேமராவை அணைக்காதீங்க" என்று மிரட்டினால், அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. அணைத்துவிட்டு 1930-க்குப் போன் செய்யுங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும், கேமரா வேலை செய்யாமல் இருப்பதே நல்லது!

சுருக்கமாக

முதலில் வாய்ஸ் ரெக்கார்டர், கேமரா ஆப். அங்கே கோளாறு என்றால் பின், மூடி, அனுமதி. அங்கே சரி என்றால் ஆப்புக்குள் எந்த மைக், எந்த கேமரா என்று பாருங்கள். பேச்சு நன்றாக இருந்து பாட்டு மட்டும் போகவில்லை என்றால் வடிகட்டி. எல்லாமே உடைந்தால் நெட். எதிரொலி என்றால் எதிர்வீடு.

நம் வீட்டுப் பெரியவர்கள் பலர், "எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று ஒதுங்குவதைப் பார்க்கிறேன். பல இடத்தில் அவர்களிடம் குறையே இல்லை. மென்பொருள் யாரோ ஒருவருடைய அறையை, யாரோ ஒருவருடைய கரண்டை, ஒரு அலுவலகப் பேச்சை மனதில் வைத்துச் செய்யப்பட்டிருக்கிறது. நம் வீட்டில் தம்புரா இருக்கிறது, தறி இருக்கிறது, 50 ஹெர்ட்ஸ் டியூப் லைட் இருக்கிறது. அந்த வித்தியாசத்தை மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். இந்த வாரம் ஊருக்குப் போனால், அம்மா அப்பா போனில் அந்த இரண்டு சோதனையையும் அவர்கள் கையாலேயே ஒரு முறை செய்ய வையுங்கள். அடுத்த முறை "கேக்குதா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "ரெக்கார்டர்ல வருது, ஆப்லதான் வரல" என்று அவர்களே சொல்வார்கள்.